மடிப்புக்குள் சித்தி

ஜூன் 4

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். வெளிச்சம் பட்டால் அம்மா பதறி எழுந்து பையைத் தூக்கிவிடுவாள். சண்டைக்குத் தப்பி எல்லை தாண்டி வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஓடுவதற்கான பை இன்னும் கதவருகேதான். நானும் செருப்போடுதான் படுக்கிறேன்.

ஓடி வந்த அன்று போட்டிருந்த நீலப் பாவாடைதான் பள்ளிக்கும். முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. மடிப்பைப் பிரித்துவிடு என்றால் அம்மா கேட்கமாட்டாள். வழியில் நான் தொலைந்தால் யாராவது கூப்பிடட்டும் என்று சித்தியின் போன் எண்ணை அதற்குள் நூலால் தைத்திருக்கிறாள்.

ஜூன் 9

கொக்கு. கொக்கு. கொக்கு. குட்டைப் பாவாடைக்குக் கீழே நீளும் காலைப் பார்த்து வகுப்பே கூப்பிடுகிறது.

ஜூன் 22

சிரிப்பு அடங்கவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மா போகும் தையல் கூடத்தில் எல்லோரும் எங்களைப் போல ஓடி வந்தவர்கள். ஒட்டுத்துணியில் தலையணை உறை தைப்பார்கள். பேச்சே இருக்காது. இன்று நானும் கூடப் போயிருந்தேன். உறைகளை விற்பனைக்கு அனுப்புமுன் தையல் டீச்சர் தடவிப் பார்த்தார். ஓரத்தில் ஏதோ தடிப்பு. பிரித்தால் உள்ளே ஒரு ரகசியப் பை! அடுத்ததிலும். எல்லாவற்றிலும்! நகையையும் சாவியையும் உடைக்குள் தைத்து ஒளித்து வந்த கைகள் அல்லவா? ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், பழக்கத்தில் தைத்திருக்கிறார்கள்.

"தலையணை எங்கம்மா ஓடப்போகுது?" என்றார் டீச்சர்.

தடித்த கண்ணாடி போட்ட சோடாபுட்டி அக்கா தலையைக் குனிந்துகொண்டே, "நான் ரெண்டு வச்சேன் டீச்சர். ஒண்ணு மாமியாருக்குத் தெரியாம" என்றாள்.

முதலில் சிரித்தது யார்? என் அம்மா! மூக்கால் ஒரு சத்தம், பிறகு நிற்கவே இல்லை. கூடமே குலுங்கியது. இந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

ஆனா பயமா இருக்கு. நாளைக்கு நின்னுட்டா?

ஜூன் 23

நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது, "மாமியாருக்குத் தெரியாம" என்று தனக்குள் சொல்லிக் குலுங்குகிறாள்.

ஜூன் 29

பள்ளி விட்டு வந்ததும் அம்மா பாவாடையைக் கழற்றச் சொன்னாள். மடிப்பைப் பிரித்தாள். சித்தியின் எண்ணை நூல் நூலாக உருவினாள். இதைத்தானே கேட்டேன்? ஏன் அழுகை வந்தது?

"அப்ப நான் தொலைஞ்சு போனா?"

புது மடிப்புக்கு ஊசி கோத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டுக்கு வா. வழி தெரியாதா உனக்கு?"

வீடு என்றாள்! இந்த ஒற்றை அறையை!

வெயில் படாமல் இருந்த துணி, கீழே பளிச்சென்று ஒரு நீலப் பட்டை. நாளைக்கு என்னை மயில் என்பார்களோ? சொல்லட்டுமே.

செருப்பு இல்லாமல் படுத்தால் கால் இவ்வளவு லேசாக இருக்குமா?