நைனா சொன்ன பொய்யும் நான் ஆட்டிய தலையும்

எர்ணாவூர்
12.9.2025

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா கன்னியம்மா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை பாரியும் மஸ்கட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், இங்கே நாங்களும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். போன் இருக்கும்போது இது என்ன கடிதாசி என்று திகைக்காதே. இந்த ஒற்றை ரூம் வீட்டில் உன் நைனா காதில் விழாமல் நான் என்ன பேச முடியும், மெசேஜ் போட்டாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்தான் முதலில் படிக்கிறார். பக்கத்து பிளாக் ஜஸீமா லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், நீ கேட்ட நெத்திலிக் கருவாட்டோடு இதையும் அவள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. போன மாதம் நைனா உனக்குப் போன் போட்டு, ஸ்கேன் எடுத்தாச்சு, நெஞ்சு சுத்தமா கீதுமா என்று சொன்னாரே, அது பொய். அன்றைக்கு ஸ்கேனே எடுக்கவில்லை. நீ சொன்ன ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனது நிஜம், பல வருஷம் பீடி சிகரெட் குடித்தவர்களுக்கு நோய் வெளியே தெரியும் முன்னே நுரையீரலைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றாயே, அதே இடம்தான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் ஃபாரத்தை எடுத்து, ஐயா பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தப் பயக்கமே கெடையாது மேடம் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன் மகி. அப்படியென்றால் உங்களுக்கு இந்த ஸ்கேன் தேவையில்லை என்று பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பிவிட்டாள். நீ போனில் சந்தோஷத்தில் அழுதபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் வேலை பார்த்த, எண்ணெய் டேங்க் இருக்கிற யார்டில் பீடி குடிக்கிறவனுக்கு கேட் பாஸ் தரமாட்டார்கள். வருஷா வருஷம் கான்ட்ராக்ட் கம்பெனி டாக்டர் இதே கேள்வியைக் கேட்பார், இவரும் கெடையாது சார் என்பார், பாஸ் கைக்கு வரும். டீக்கடைக்குப் பின்னால் நின்று ஊதிவிட்டு கொய்யா இலையை மென்று துப்பிவிட்டுத்தான் உள்ளே போவார். சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து விசாரித்தாலும் நானும் அதையேதான் சொல்வேன். அந்த பாஸ்தான் உன்னைப் படிக்க வைத்தது, அதனால் அப்போதெல்லாம் அது பொய்யாகவே எனக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்டால், இன்னா பண்றது கன்னிம்மா, வெள்ளக் கோட்டப் பாத்ததும் வாயி அதுவா சொல்லிடுச்சு என்கிறார். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது, பீடியை விட்டு ஏழு வருஷம், இந்த வாய் மட்டும் இன்னும் டூட்டி பார்க்கிறது.

காலையில் அவர் இருமும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பேன், துண்டில் ஏதாவது சிவப்பாக இருக்கிறதா என்று. பத்து நாளைக்கு மேல் தாங்கவில்லை. ரேஷன் கடைக்கு என்று கூட்டிப்போய் ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். அதே பெண்தான் இருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி, முப்பத்தொரு வருஷம், அன்றைக்கு நாங்கள் இருவரும் பொய் சொன்னோம் என்று நானே சொன்னேன். இன்னாடி பேஜார் பண்றே, பாஸைப் புடுங்கிடப் போறாங்கோ என்று இவர் என் கையைக் கிள்ளினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் திட்டவில்லை, உடனே எடுத்துவிட்டார்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வலது பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கிறதாம், துவரம்பருப்பு அளவு. பதறாதே. எப்போதோ வந்துபோன டிபி தழும்பாக இருக்கலாம், நிறைய பேருக்கு இப்படி இருக்கும், பெரும்பாலும் ஒன்றுமில்லை, ஆனால் வளர்கிறதா என்று ஆறு மாதம் கழித்துக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பெரும்பாலும் என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் நான் எப்படித் தள்ளுவேன், நீ சொல்.

அதைவிடப் பெரிய கவலை, இனி வரவே மாட்டேன் என்கிறார். வரும் வழியில் பஸ்ஸில் என் காதருகே குனிந்து, நீ கம்னு இருந்திருந்தா அந்தப் புள்ளி இருந்திருக்காதுல்ல என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை மகி, குழந்தை மாதிரிக் கேட்டார். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் முதல் வாரத்துக்கு இப்போதே லீவு கேட்டு வை. நான் இழுத்தால் வரமாட்டார், நீ வந்து நின்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கே வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை எப்போதாவது ஒன்று ஊதுகிறார் என்றாயே, மாமியார் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள் என்று சொல், உன் நைனாவும் எப்போதாவது ஒன்று என்றுதான் ஆரம்பித்தார். இரண்டு பேரும் நூறு வயசு நல்ல மூச்சோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. கன்னியம்மா

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, அம்மா ஒன்றும் எழுதவில்லை என்று நைனாவிடம் சொல் என எழுதத்தான் இந்தக் கடைசி வரிக்கு இடம் விட்டிருந்தேன். வேண்டாம். அம்மா எல்லாம் எழுதிவிட்டாள் நைனா என்றே சொல்.