நான் எழுதாத முடிவுரை

அன்பு மகனுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறேன். நீ ஊர் போய்ச் சேர்ந்ததையும், கம்பளிச் சட்டை அளவாக இருப்பதையும் போனில் சொன்னாய். மகிழ்ச்சி. நீ சரிசெய்த பிறகு குளியலறைக் குழாய் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல முடியாது. சொன்னால் நீ குறுக்கே புகுந்து, "விடும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து முழுவதையும் படி.

ஆய்வு அறிக்கைக்கு வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண் என்று போன வாரம் சொன்னேன். அது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. அறுபத்தேழு வயதில் அம்மா எம்.ஏ. படிக்கிறாள் என்று நீ உன் அலுவலகம் முழுவதும் சொல்லி வைத்திருக்கிறாய். உன் குரலில் இருக்கும் அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ வந்த பத்து நாளும் செமஸ்டரில் கழுத்தைப் பிடிக்கும் நாட்கள். இரண்டு தேர்வு, ஒரு கருத்தரங்கு, தனியாக வாழும் முதியோர் நாற்பது பேரின் வீடுகளுக்குப் போய் நான் படிவம் நிரப்பி வந்த இந்த அறிக்கை. "இப்ப வேண்டாம்டா, பரீட்சை முடியட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வருகிறவனிடம் எந்தத் தாய்க்கு வாய் வரும்? ஒருநாள்கூட வகுப்புக்கு மட்டம் போடாத நான் நான்கு நாள் போகவில்லை. சீட்டாடினோம், சினிமாவுக்குப் போனோம், அப்பாவின் சட்டைகளை ஒருவழியாகப் பிரித்து அடுக்கினோம். புத்தகத்தைத் திறந்தபோதெல்லாம் நீ மூடினாய். "கணக்கு, அட்டவணை எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ வந்து உக்காரு" என்றாய். "கை வைக்காதேடா" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்பது உனக்கும் தெரியும்.

ஒரே மதியத்தில் முடிவுரைவரை எழுதி முடித்துவிட்டாய். நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை மகிழ்ச்சியாகவும் இருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது கூசுகிறது.

பேராசிரியை அறிக்கையை வகுப்பில் தூக்கிக் காட்டினார். உனக்கு அக்கா இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும் அவருக்கு. "தனியாக வாழும் முதியோரில் பெரும்பான்மையினர் மனநிறைவுடன் உள்ளனர்" என்ற உன் முடிவுரையை வாசித்தார். "இந்த முடிவுக்கு எப்படி வந்தீங்கன்னு போர்டுல விளக்குங்க மேடம்" என்று சாக்பீஸை நீட்டினார். கரும்பலகை முன் நின்றேன். ஒரு எண்கூட நினைவில் இல்லை. நான் போட்ட எண்ணே இல்லையே. "தலை சுத்துது" என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று.

என் பக்கத்து இருக்கைப் பெண்தான் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். போன மாதம் அவள் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதியபோது, எங்கள் கான்வென்டில் சிஸ்டர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா என்று எல்லோர் முன்னும் நான் பாடம் எடுத்த அதே பெண். எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பட்டப்பெயர் வைத்தவள். முழங்கையைத் தாங்கி, "மெதுவா ஆன்ட்டி, நான் இருக்கேன்ல" என்று மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

உன் ஐந்தாம் வகுப்பும் ஞாபகம் வந்தது. அப்பா வரைந்த கப்பல் படத்துக்கு நீ பரிசு வாங்கிவந்தாய். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று உன்னைப் பள்ளிக்கு இழுத்துப்போனேன். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியாக உள்ளே அனுப்பினேன். செய்ததில் தவறில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். கூட வந்திருக்கலாம், கண்ணா.

மறுநாள் பேராசிரியையின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "மார்க் போயிடும்மா, அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா நாப்பது வீட்டுக்கும் போனது நீங்கதானே?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப நீங்களே எழுதிக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார். பக்கத்துப் பெண்ணிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "ஹெட்மிஸ்ட்ரஸே காப்பியா! இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இப்போது நாற்பது படிவங்களும் மேசைமேல் விரித்துக் கிடக்கின்றன. உன் கணக்கில் பிழையில்லை. முப்பத்தொரு பேர் "நிறைவு" என்ற கட்டத்தில்தான் குறியிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளுக்கு நீ போகவில்லை. ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவர் "நிறைவு" என்று குறித்துவிட்டு, காது கேட்கவில்லை என்று முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்கச் சொன்னார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இன்னொரு அம்மாள் குறித்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரமும் கேள்வி இருக்குமா?" என்று வாசல்வரை வந்தார். இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தப் படிவத்தை யாராவது என்னிடம் நீட்டியிருந்தால், நானும் "நிறைவு" என்றுதான் குறித்திருப்பேன், கோடு கோணாமல்.

இதை முடிவுரையில் எப்படி எழுதுவது என்றுதான் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுவேன். நானே எழுதிவிடுவேன்.

உன்மேல் கோபம் இல்லை. அம்மாவுக்கு ஓய்வு கொடுக்க நினைத்த பிள்ளை நீ. கையை நீட்டி வாங்கிக்கொண்டது நான். அடுத்த விடுமுறை எப்போது என்று எழுது. பரீட்சை நேரமானாலும் பரவாயில்லை, வா. நான் மேசையில் என் பாடத்தைப் படிப்பேன். நீ எனக்காக ஒன்றும் செய்ய வேண்டாம், அதே அறையில் சும்மா உட்கார்ந்திரு.

வேளைக்குச் சாப்பிடு. தெய்வம் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

என்றும் உன்,
அம்மா