கொம்புக்கு அடித்த சிவப்பு

1974 ஜனவரி 21, திங்கள்

மாட்டுப் பொங்கலுக்குக் காளைக் கொம்பில் அடித்து மிஞ்சிய சிவப்புப் பொடியை நான் விற்கச் செய்கிற மெழுகுவர்த்திக்குப் போடலாம் என்று கண்டுபிடித்தவர் எங்கூட்டுக்காரர். நான் முதலிலேயே சொன்னேன்.

"ஏனுங்க, மெழுகுக்கு எண்ணெயில கரையற சாயந்தான் வேணுமுங்க. ஒரு சிட்டிகை தேங்காயெண்ணெயில போட்டுப் பாருங்க. அடியில படிஞ்சா ஆகாதுங்க."

"கொம்புல ஒரு மாசம் நிக்கற சாயம் மெழுகுல நிக்காதா? போய் வேலையப் பாரு."

கொம்பும் மெழுகும் ஒன்று என்று நினைக்கிற மூளை. நான் உருக்கி வைத்திருந்த மெழுகு முழுவதிலும் கொட்டிக் கலக்கிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் சிவந்திருந்தது.

நன்றாக எரிந்தால் கடையில் வைக்கிறேன் என்று கடைவீதி ராவுத்தர் எனக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று காலை இவரே பத்து வர்த்தியைத் தூக்கிக்கொண்டு போய், நாலு பேரைக் கூப்பிட்டு நிறுத்திப் பற்ற வைத்தாராம். பொடி திரியை அடைத்து ஒவ்வொன்றாக அணைந்ததாம். வீட்டுக்கு வந்து, "நீ திரியைச் சரியா முறுக்கலை" என்கிறார். இவரோடு பேசினால் வாய்தான் வலிக்கும்.

ராத்திரி சோற்றில் கை வைத்ததும் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி எங்கே என்று கேட்டார். அவருடைய சிவப்பையே தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன், தீப்பெட்டியோடு.

இப்போது நாலாவது குச்சியை உரசுகிறார். உள்ளறையில் என் பழைய வெள்ளை வர்த்தி ஆடாமல் எரிகிறது. கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.