சனிக்கிழமைகளில் நான் போட்ட சோறு

அக்கா, கடற்கரையில் அந்த நாய்களுக்குச் சோறு போட்டவன் நான்தான். நீங்கள் உயிரோடு இருந்தவரை இதை நான் சொல்லவில்லை.

இன்று மதியம் கடையில் என் மனைவி கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். தயிர்ச்சோறு. புளித்த வாசனை வந்ததும் மூடி வைத்துவிட்டேன். பல வருடமாக எனக்கு இப்படித்தான். அவளுக்குக் காரணம் தெரியாது.

நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்தது கோழிக்கூட்டுக் கம்பிவலை வாங்க. அரசாங்க ஆபீசில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெலுக் பஹாங் கடற்கரையில் தனியாக இருப்பவர் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும்.

"எத்தனை கோழிக்குக்கா?"

"கோழி இல்லை தம்பி, ஆமை."

"ஆமைக்கு எதுக்குக்கா கூடு? அது வீட்டை முதுகுல தூக்கிட்டுத்தானே அலையுது."

சிரித்தீர்கள். "யாழ்ப்பாணத்து ஆக்கள் கஞ்சர் எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறனீங்கள்தானே? அப்ப கஞ்சருக்கு ஏத்த விலை சொல்லுங்கோ."

அன்று நான் வைத்த விலையில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. யாரிடமும் அப்படித் தோற்றவன் இல்லை நான்.

கரையேறி வரும் ஆமைகள் மணலில் முட்டையிட்டுப் போகும். பகலில் பியாவாக் உடும்புகள் வந்து தோண்டித் தின்றுவிடும். அதற்காக நீங்களும் மீன்பிடிக் குடும்பங்களும் சேர்ந்து குழிகளின் மேல் வலை பதித்தீர்கள். உடும்புகளைப் பெட்டிப்பொறியில் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டீர்கள். முன்னே நின்றவர் பாக் மான். ஒரு காலத்தில் அந்த முட்டைகளையே சந்தையில் விற்ற படகுக்காரர். மணலில் ஒரு கோடு கிடந்தால் போதும், எது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுவார்.

அந்த வருடம் என் வியாபாரம் படுத்துவிட்டது. லாரி ஒன்று குடைசாய்ந்தது. கோயிலில் ஜாதகம் பார்ப்பவர் சனி என்றார். நாற்பத்தெட்டு சனிக்கிழமை நாய்களுக்குத் தயிர்ச்சோறு போடச் சொன்னார். கடை வாசலில் போட்டேன். இரண்டாம் வாரமே பக்கத்துக் கடைச் சீனர் விளக்குமாற்றோடு வந்து நின்றார். எனக்கோ சனிக்கிழமைதோறும் உங்களுக்கு வலை கொண்டுவரும் வேலை இருந்தது. ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம் என்று கணக்குப் போட்டேன். வேனை நிறுத்துகிற இடத்தில், கெத்தாப்பாங் வாதுமை மரத்துக்குப் பின்னால் சோற்றைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உங்களிடம் வருவேன். முதலில் இரண்டு நாய். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அவை சனிக்கிழமை மட்டும் பசிக்கிற பிராணிகள் அல்ல என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு ஞாயிறு காலை போன் செய்தீர்கள். நான் வந்தபோது மணலில் குந்தி உட்கார்ந்து, நனைந்த காகிதம்போல் கிழிந்து கிடந்த முட்டைத்தோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான்கு குழிகள். வலையின் ஓரத்தைத் தோண்டி அடியால் நுழைந்திருந்தன.

"பியாவாக் இல்லை, நாய்" என்றார் பாக் மான்.

"முந்தி இஞ்ச நாயே இல்லையே. ஆரோ தீனி போட்டுப் பழக்கியிருக்கினம்" என்றீர்கள்.

அன்று மாலை, முட்டைக் காவலுக்கு வருபவர்களின் கூட்டத்தில் எல்லாரும் பாக் மான் பக்கம் திரும்பினார்கள். படகடியில் மீன்குடல் வீசுபவர் அவர்தானே என்றார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் முஸ்லிம், நாய் பட்டால் ஏழு தடவை கழுவுகிறவன். நானா நாயைக் கூப்பிடுவேன்?" என்று மலாயில் கத்தினார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "தம்பி, நீங்கள் வெளியாள். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். பயம், அக்கா. உங்கள் முன்னால் என் மரியாதை போய்விடுமே என்ற பயம். "மீன்குடல் கிடந்தா நாய் வரத்தானேக்கா செய்யும்" என்றேன்.

நீங்கள் என்னை நம்பினீர்கள். பாக் மானைக் கொஞ்ச நாள் காவலுக்கு வர வேண்டாம் என்றீர்கள். அவர் திரும்பியே வரவில்லை. நான் சோற்றைத் தூரத்தில் செபராங் ஜெயா பக்கம் மாற்றிக்கொண்டேன். தீனி நின்றதும் நாய்கள் இன்னும் வெறியாகத் தோண்டின. கடைசியில் நாய் பிடிப்பவர்கள் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். "இதுகள் என்ன பாவம் செய்ததுகள், ஆரோ பழக்கின பழக்கம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போய்விட்டீர்கள். நான் வேனிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டையும் முடித்தேன் அக்கா. வியாபாரம் நிமிர்ந்தது. அதைச் சொல்ல இப்போது கூசுகிறது.

போன மாதம் உங்கள் சாவு வீட்டுக்குப் பாக் மான் வந்திருந்தார். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். உங்கள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. என்னால் அதற்குமேல் முடியவில்லை. நேற்றுக் காலை அவருடைய படகுக் கொட்டகைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கையிலிருந்த வலையைத் தைத்துக்கொண்டே, "அவங்க இருக்கும்போது ஏன் சொல்லல?" என்றார். அவர் படகுக்கு ஒரு புது இயந்திரம் வாங்கித் தருவதாக இழுத்தேன். ஊசியை என் பக்கம் நீட்டி, "நீ இதையும் கடைன்னு நெனச்சியா?" என்றார்.

பிறகு அவரே பேரத்தை முடித்தார். முடிவுத் தேதி இல்லாத பேரத்துக்கு இதுவரை தலையாட்டாதவன், இதற்கு ஆட்டினேன். வருகிற கூட்டத்தில் எல்லார் முன்னாலும், நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, என் வாயால் சொல்ல வேண்டும். முட்டைக்காலம் முழுவதும் விடியலில் நானே வந்து, அவருக்குப் பின்னால் நடந்து தடம் பார்க்க வேண்டும். கூலிக்கு ஆள் அனுப்பக் கூடாது. அவராகப் போதும் என்று சொல்லும்வரை.