சலீம் கையில் கத்தி

அன்புள்ள அண்ணா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இதை அழுதுகொண்டு எழுதவில்லை. ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துப் பக்கம் அந்தப் பிரியாணி ஓட்டல் சுவர்தானே நீ கடைசியாக வரைந்தது? ஓட்டல்காரர் செல்போனில் ஒரு பழைய ஓவியத்தைக் காட்டி, அப்படியே வேண்டும் என்றார். எந்த வெள்ளைக்காரனோ வரைந்தது. பாலைவனத்தில் கத்தியை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வரும் அரபுக் குதிரைக்காரர்கள், எல்லார் முகத்திலும் கொலைவெறி. நீ வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாய்.

"கால் பொதையற மணல்ல எவன்மா குதிரைய இப்டி வெரட்டுவான்? கால் ஒடிஞ்சிபூடும். எறங்கி, கயித்தப் புடிச்சிக்கினு நடப்பாங்க."

மஸ்கட் பக்கம் பதினோரு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவனுக்குத் தெரியாதா? கோயில் குதிரை வாகனத்துக்கு வர்ணம் பூசிப் பழகிய கை வேறு உனக்கு. அதனால் உன் சலீமை வரைந்தாய். காய்ச்சலில் லாரிக்குள் சுருண்டு கிடந்த உன்னைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய், பத்து நாள் கஞ்சி ஊட்டிய குதிரைக்காரர். ஒரு கையில் கயிறு, மறு கையில் குதிரைக்குத் தண்ணீர்க் கிண்ணம். கீழே உன் பெயர்.

நேற்று போய்ப் பார்த்தேன். கிண்ணத்தைக் காணோம், அந்தக் கையில் கத்தி! சலீம் கண்ணில் ரத்தச் சிவப்பு. ஓட்டல்காரர் யாரையோ வைத்து மேலே பூசியிருக்கிறார். உன் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பட்டு எடுக்க வந்த கல்யாணக் கூட்டம் முன்னால் நின்று செல்பி எடுக்கிறது.

"அரபிக்காரன்னா கத்தி இருக்கணும்மா. தண்ணி காட்டிக்கினு நின்னா எவன் பாக்கறான்? வோணும்னா உங்கண்ணன் பேர அழிச்சிடறேன்" என்கிறார் ஓட்டல்காரர்.

பெயரை அழித்தால் ஆயிற்றா? உனக்குக் கஞ்சி ஊட்டிய கை அண்ணா அது! யாரோ வரைந்த பொய்யை நம்புவார்களாம், அங்கே இருந்து வந்தவன் சொன்னால் நம்ப மாட்டார்களாம். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் நம் தெருவில் எத்தனை? ஒருத்தராவது கேட்டாரா? நானே இத்தனை நாள் எட்டிப் பார்க்கவில்லையே, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீ இறந்ததைப் போன வாரம்தான் சலீமிடம் சொன்னேன். போனிலேயே தேம்பினார். பிறகு அரைகுறை இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார். தன்னை வரைந்ததாக நீ சொன்னாயாம், அந்தப் படத்தை அனுப்ப முடியுமா என்று. நீயோ ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. நான் எதை அனுப்புவேன்?

நாளைக் காலை உப்புத்தாள் எடுத்துக்கொண்டு போகிறேன். போலீசைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும். எனக்கு உன்னைப்போல் வரைய வராது, ஆனால் அந்தக் கத்தியைச் சுரண்ட வரும். சுவரில் அவர் வெறுங்கையோடு நின்றாலும் சரி, போட்டோ எடுத்துச் சலீமுக்குச் சலீமைத்தான் அனுப்புவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா