இல்லாதவளின் முனகல்

ஜூன் 3

நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கூட்டமே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டதாக ஒரு பெரியவர் வந்து சண்டை போட்டார். அது அவர் நெற்றிமேலேயே இருந்தது. இப்படி நாலு பேர் வந்து போவதால்தான் எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை.

மதியம் வக்கீலம்மா போன் செய்தார். அப்பீலுக்காகக் கேட்டிருந்த ஒலிப்பதிவின் நகல் கைக்கு வந்துவிட்டதாம். கீழ்க்கோர்ட்டில் அதை யாரும் போட்டுக் கேட்கவில்லை. தட்டச்சு செய்த தாளை வாசித்துவிட்டு, என்னைப் போதை மாத்திரை விற்றவள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஏழு வருஷம். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறேன். அப்பீலும் போனால் உள்ளே போக வேண்டியதுதான். மகள் இன்னும் பள்ளிக்கூடம்கூட முடிக்கவில்லை. அப்பாவும் போய், அம்மாவும் இல்லாமல், இந்த வீட்டில் தனியாக என்ன செய்வாள்?

"பதிவைக் கேக்கறதுக்கு முன்னாடி, நடந்ததை நடந்தபடி எழுதி வைங்க. கேட்ட பிறகு எழுதினா எது உங்க ஞாபகம், எது பதிவுன்னு உங்களுக்கே தெரியாது" என்றார் வக்கீலம்மா.

ஜூன் 4

எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் புற்றுநோய் முற்றி வலி வார்டில் கிடந்தபோது நான்தான் கூட இருந்தேன். அங்கே துணைக்கு இருப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டில் காலியானால், அந்த வீட்டு ஆட்கள் மிச்ச வலி மாத்திரையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். மருந்தறையில் பாதி நாள் 'ஸ்டாக் இல்ல' என்பார்கள். ஸ்டாக் வரும்வரை வலி காத்திருக்குமா? சட்டத்தில் அது போதை மாத்திரை, கைமாற்றுவது குற்றம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. குப்பையில் போடுவதுதான் பாவம் என்று நினைத்தோம். ஒரே ஒரு கட்டுப்பாடு. வலிக்கிறவரைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் தரக்கூடாது.

தாழ்வாரத்துப் பெஞ்சில் ஒருத்தர் எப்போதும் கையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். ஃபிளாஸ்க்காரர் என்றே கூப்பிட்டோம். மனைவி பெண்கள் வார்டில் இருக்கிறாள் என்றார். அவளைப் பற்றி ஓயாமல் சொல்வார். வலி வந்தால் போர்வை நுனியைக் கடித்துக்கொள்வாளாம், விளக்கை அணைக்க விடமாட்டாளாம், ஜன்னல் பக்கம் திரும்பித்தான் படுப்பாளாம். "ஒரு தரம் நான் பார்த்துட்டு வரேனே" என்பேன். "இப்பதான் கண் அசந்தா, அக்கா" என்பார். நானும் விட்டுவிடுவேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, தலையணை உறைக்குள் ஓர் அட்டை மாத்திரை கிடைத்தது. ஃபிளாஸ்க்காரர் கேட்டார். முடியாது என்றேன். மறுபடி கேட்டார். அழுதார். கடைக்கே வந்து நின்றார். கடைசியில் போனில் கேட்டபோது, அவருக்குப் பின்னால் ஒரு பெண் முனகுவது என் காதில் விழுந்தது. கண்ணால் பார்த்ததற்குச் சமம் என்று நினைத்துவிட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். "சும்மா வாங்கினா பலிக்காதுக்கா" என்று ஒரு நோட்டைக் கையில் திணித்தார். வார்டில் எல்லாருக்கும் டீ வாங்கலாமே என்று வைத்துக்கொண்டேன். திரும்பினால் போலீஸ். ஃபிளாஸ்க்குக்குள் பதிவுக் கருவி. போனில் பேசியதையும் பதிவு செய்திருந்தார்கள். அவரும் போலீஸ்.

மனைவி என்று ஒருத்தியைப் பற்றித் தான் பேசியதே இல்லை என்று கோர்ட்டில் சத்தியம் செய்தான் அந்த ஆள். அவன் சொன்ன பெயரில் பெண்கள் வார்டில் யாரும் இருந்ததில்லை என்று ஆஸ்பத்திரியும் எழுதிக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் போனில் முனகியது யார்?

ஜூன் 7

வக்கீலம்மா ஆபீசில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அக்கா, இன்னைக்காவது தருவீங்களா?" என்கிறான் அவன். "நேர்ல பார்க்காம தரமாட்டோம்னு சொன்னேன்ல?" என்கிறேன் நான். உஷாரான வியாபாரி அப்படித்தான் பேசுவாளாம், அரசு வக்கீல் அன்றைக்குச் சொன்னார். அதற்குப் பிறகு நான் பேசவில்லை. தாளில் அந்த இடத்தில் 'மௌனம், பின்னணியில் தொலைக்காட்சி' என்று போட்டிருக்கிறார்கள். விலையை யோசித்தேனாம்.

தொலைக்காட்சியா அது! பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, முடியாமல் விட்டுவிடுகிற முனகல். வாயில் துணி இருக்கிறது. துணியையும் மீறி வருகிறது. அப்புறம் என் குரல், "சரி... கொண்டு வரேன்."

வக்கீலம்மா மறுபடி போட்டார். அப்புறம் தன் கையை நீட்டிக் காட்டினார், மயிர்க்கூச்செறிந்திருந்தது. "இந்தம்மா யாருங்க?" என்றார்.

"இல்லாதவ" என்றேன்.

ஜூன் 8

கேட்டிருக்கவே கூடாது.

ஜூன் 15

கடையில் கண்ணாடி வில்லை தேய்க்கும் இயந்திரம் ஓடும்போது அதற்கடியில் அவள் முனகுகிறாள். இயந்திரத்தை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுகிறாள். இன்று அதைப் பலமுறை செய்து பார்த்தேன். "மோட்டாரைக் கெடுத்துடாதீங்கம்மா" என்றார் முதலாளி.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பேச்சே இல்லை, மூச்சு மட்டும். யாரு, யாருன்னு கத்தினேன். வைத்துவிட்டார்கள். வக்கீலம்மாவிடம் சொன்னதற்கு, "எடுக்காதீங்க. உங்களைப் பேச வச்சு, அதையும் பதிவு பண்ணுவாங்க" என்றார்.

ஜூன் 22

மகள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அப்பா ரூம்ல யாராவது இருக்காங்களா? முனகற மாதிரி இருக்கு."

பதிவில் இருந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

போய்ப் பார்த்தேன். காலிக் கட்டில், மடித்து வைத்த போர்வை. போர்வையின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும். அடித்திருக்கும்தானே? கட்டிலுக்குச் சாரல் எட்டாது என்பது என் புத்திக்கு உறைத்தபோது கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லடி, பூனை" என்றேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

ஜூலை 1

வக்கீலம்மாவிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அந்த ஆளின் வீட்டு விவரம் எதையும் கேட்க முடியாதாம். மாறுவேடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமாம். எனக்கு யாரு பாதுகாப்பு? என் வீடு எங்கே, என் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அவனுக்குத் தெரியுமே! பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாத்தையும் நானேதானே உளறிக் கொட்டினேன்.

வக்கீலம்மா கோபிக்கவில்லை. "மனைவியைச் சொல்லி உங்களைக் கரைச்சான்னு காட்டிட்டா, போலீஸே தூண்டிவிட்ட குத்தம்னு கேஸ் நிக்காது. ஆனா அதுக்கு நம்மகிட்ட இருக்கறது அந்த ஒரு முனகல்தான்" என்றார். அது டிவி இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 19

இன்று அப்பீல் விசாரணை. நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

இரண்டு நீதிபதிகள். அரசு வக்கீல் டிவி, டிவி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவர் சலித்துப்போய், "வாதம் போதும், போடுங்க கேக்கலாம்" என்றார். ஒலிபெருக்கியில் போட்டார்கள். என் குரல், அவன் குரல், அப்புறம் அவள்.

நான் எழுந்துவிட்டேன். வலி வார்டில் மாதக்கணக்கில் கிடந்தவர்களுக்கு இது புரியும். முனகல் கேட்டால் உடம்பு தானாக எழுந்துவிடும், அதற்குப் பிறகுதான் நாம் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியும். வக்கீலம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க" என்று பல்லுக்குள் சொன்னவர், பின்னால் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

கடைசி வரிசையில் இன்னொருத்தரும் நின்றுகொண்டிருந்தார். முன்பிருந்த மீசை இல்லை, ஆள் பாதியாக இளைத்திருந்தார். எல்லாரும் ஒலிபெருக்கியைப் பார்க்க, அந்த ஆள் மட்டும் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்திருந்தார். அவனேதான், ஃபிளாஸ்க்காரன்.

"நீங்க ஏன் எழுந்தீங்க?" என்று அவனைக் கேட்டார் மூத்த நீதிபதி.

"பழக்கம், ஐயா."

"என்ன பழக்கம்?"

அரசு வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. அவனைக் கூண்டுக்கு அழைத்து மறுபடி சத்தியம் வாங்கினார்கள். வீட்டில் யாருக்கு நோய் என்று கேட்டார்கள். "என் மனைவிக்கு. வீட்லதான் இருக்கா" என்றான். அவளைச் சொல்லித்தான் இந்தம்மாவிடம் மாத்திரை கேட்டீர்களா என்றார்கள். "ஆமா. வேற எதைச் சொன்னாலும் அக்கா தரலை" என்றான்.

வக்கீலம்மா என் கையை நசுக்கிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் இருக்கிறாள், இத்தனை நாளும் இருந்திருக்கிறாள், அது மட்டும்தான் மனதில் ஓடியது.

ஆகஸ்ட் 9

விடுதலை. தண்டனை ரத்து. மகள் கோர்ட் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் நன்றாக அழுதேன்.

"இனிமே யாரு எதைக் கேட்டாலும் தராதீங்க. தலைவலி மாத்திரைகூட" என்றார் வக்கீலம்மா. சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17

கட்டிலை விற்றாகிவிட்டது. அந்த அறையில் மகள் படிக்கிறாள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை என்கிறாள்.

செப்டம்பர் 10

ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

"அக்கா, நான்தான். வைக்காதீங்க. ஸ்டாக் இல்லங்கறாங்க. நாலு நாளாச்சு. இது வேலைக்காக இல்லக்கா, நிஜமா."

அவனுக்குப் பின்னால் அவள். அதே துணி, அதே மூச்சு. முன்பைவிடச் சன்னமாக இருந்தது.

வார்டுக்காரர்களோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், இன்று யாரிடம் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு போன் போட்டால் போதும். இதையும் யாராவது பதிவு செய்துகொண்டிருந்தால்? இல்லாவிட்டால்? மகளின் பின்னல் பாதியில் என் கையில் இருந்தது.

"ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரும்மா?" என்றாள் மகள்.

"கடைன்னு நெனச்சு, கண்ணாடி ரெடியாச்சான்னு கேக்கறாங்கடி" என்றேன். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. பின்னி முடித்து, நுனியில் ரப்பர் போட்டுவிட்டேன்.