நிசப்த வைத்தியம்

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் என் குரல் கேட்டாலே வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். நீ கோபித்துக்கொண்டு போனதற்காக உன்னைத் திட்ட எழுதவில்லை, பயப்படாதே.

கொஞ்ச நாளாக என் இரண்டு காதிலும் குக்கர் விசில் மாதிரி ஒரு கூவல். பகலில் கல் அறுக்கும் மெஷின் சத்தத்தில் தெரிவதில்லை. படுத்தால் போதும், ஆரம்பித்துவிடும். படுக்கையில் வராத தூக்கம் மெஷின் முன்னால் நின்றால் வருகிறது. பாட்டில் கம்பெனியில் இருந்தபோது உனக்கும் இப்படித்தானே? இப்போது நன்றாகத் தூங்குகிறாய் என்று மகள் சொன்னாள். என்ன பண்ணினாய்? என் அக்காவிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

உன் கணவன்


மார்ச் 11

மரியாதைக்குரிய கணவருக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்?

என் காது கூவிய காலத்தில், தலைமாட்டில் சின்ன ரேடியோவை ஸ்டேஷன் பிடிக்காமல் இரைய விடுவேன். அந்த இரைச்சலில்தான் கண் அசரும். நீங்கள் எழுந்து வந்து அணைப்பீர்கள். "மனுஷன் தூங்க வேணாமா? காதுல ஒண்ணும் இல்ல, உனக்கு மூளையிலதான் கோளாறு!" ஒரு நாள் அதைத் தரையில் போட்டு உடைத்தீர்கள். தூக்கமில்லாமல் நான் வேலையில் தூங்கி விழுந்து, கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பியபோது, உங்கள் அக்காவை உட்கார வைத்துக்கொண்டு எனக்குப் பைத்தியம் என்றீர்கள்.

போகட்டும். வழி கேட்டீர்கள், சொல்கிறேன். ஜன்னலையெல்லாம் சாத்துங்கள். ஃபேன் கூடாது. அறையில் ஒரு பொட்டுச் சத்தம் இருக்கக் கூடாது. காதில் பஞ்சும் வையுங்கள். தூக்கம் வராவிட்டாலும் படுக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள்.

அக்கறையுடன்,
உங்கள் மனைவி


ஏப்ரல் 15

அன்புள்ளவளே,

என்ன இருந்தாலும் நீ நல்ல மனசுக்காரி. சொன்னபடியே செய்தேன். சுவர்க் கடிகாரத்தைக்கூடக் கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டேன். ஆனால் கூவல் இப்போது மண்டைக்குள் ஊர்வலம் போகிறது. மகள் போன் பண்ணினால் எரிந்து விழுகிறேன். போன வாரம் மெஷினில் கண் சொருகிவிட்டது. அறுக்கும் தகடு கையுறை நுனியை இழுத்து, நல்ல வேளை, நகத்தோடு போயிற்று. "இன்னொரு தடவை தூங்கினா வீட்டோட இருந்துக்கோ" என்றார் சூப்பர்வைசர்.

பஞ்சை இன்னும் கெட்டியாக வைக்கட்டுமா? நீ பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்படி ஒரு நோய் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் கணவன்


ஏப்ரல் 20

உங்களுக்கு,

முதலில் பஞ்சைத் தூக்கி எறியுங்கள். இந்தக் காதுக்கு நிசப்தம்தான் விஷம். வெளியே அடங்க அடங்க உள்ளே ஓங்கும். தெரிந்துதான் எழுதினேன். அது நீங்கள் வருஷக்கணக்காக எனக்குச் செய்த வைத்தியம். நான் உங்களுக்கு ஒரு மாதம்தான் செய்தேன்.

உங்கள் தூக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது, விரல் அல்ல. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். காது டாக்டரிடம் காட்டுங்கள். மெஷின் பக்கம் போனால் காதை மூடிக்கொள்ள உறை போடுங்கள். ஃபேனையோ ரேடியோ இரைச்சலையோ கூவலைவிடக் கொஞ்சம் தணிவாக வையுங்கள். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் மல்லுக்கட்டாமல் எழுந்து உட்காருங்கள். நாளாக ஆக, கூவல் இருப்பதே மறந்துபோகும், யாரும் வந்து அணைக்காமல் இருந்தால். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இத்தனை எழுதினீர்கள், மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், கதவு திறக்காது. நான் இருப்பது லாண்டரிக்கு மேல் மாடி. கீழே துவைக்கும் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் குடிவராத அறை. எனக்கு அதுதான் தாலாட்டு.

இப்படிச் செய்துவிட்டாளே என்று நினைப்பீர்கள். உறுத்துகிறதா என்று நானும் பார்த்தேன். உங்களுக்குப் பொய் வைத்தியம் எழுதித் தபாலில் போட்ட அன்று லாண்டரிக்கு விடுமுறை. கீழே ஒரு மெஷினும் ஓடவில்லை. அறையில் அப்படி ஒரு நிசப்தம், காது பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

ஒரு காலத்தில்
உங்கள் மனைவி